கட்டு இல்லாத குளம்

கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் நான் ஒரு பனியாற்றைக் கண்ணால் கண்டதில்லை. ஒரே ஒருமுறை பார்க்கப் புறப்பட்டேன். அது பல்லாயிரம் வருடங்களுக்கு முன்னரே உருகிப் போய்விட்டது என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதிக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு நாள் வரும் வரும் என்று மொன்றியலில் காத்திருந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு மாலையில் ஒரு பிரெஞ்சு வகுப்பு நடந்தது. வகுப்பு முடிகிற செப்டெம்பரில் எல்லோரையும் இலவசமாக ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போவதாக ஒரு தாள் தந்தார்கள். ‘மலை ஏரிகளும் பனியாறுகளும், வழிகாட்டியுடன்’ என்று அதில் இருந்தது. அதை மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்தான். கலண்டர்களில் வருகிற வெள்ளை மலைகளை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கையுறை வரை எடுத்து வைத்தோம்.

இரண்டாமவன், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். என்னைவிட ஐந்து வயது இளையவன். மட்டக்களப்புப் பக்கம், வயலும் குளமுமான ஊர். தகப்பன் நீர்ப்பாசன இலாகாவில் குளங்களைப் பராமரிக்கிற ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவன் ஓர் உணவகத்தில் வாரத்தில் ஆறு நாள் கோப்பை கழுவினான். நான் யாழ்ப்பாணத்தான். தன் ஊரில் அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன், எங்கள் ஆட்களோடு இருந்து என்னை ‘அண்ணை’ ஆக்கிவிட்டான்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். பிரெஞ்சும் அவனைவிடக் கொஞ்சம் கூடப் பிடிபட்டிருந்தது. அதனால் வழக்கறிஞரின் கடிதம், வீட்டுக்காரரின் அறிவித்தல், டாக்டர் சொன்னது எல்லாமே என் வாய் வழியாகத்தான் அவனுக்குப் போனது. யார் எது பேசினாலும் என் பக்கம் திரும்பி “அண்ணை, என்னவாம்?” என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த நாட்டில் என்னை ஒரு பொருட்டாக மதித்தவன் அவன் ஒருவன்தான். நானும் கேட்டதை அப்படியே சொல்வதில்லை. வீட்டுக்காரர் திட்டினால் பாதியை விழுங்கிவிடுவேன். அவனுடைய வழக்கு கொஞ்சம் சிக்கல் என்று வழக்கறிஞர் சொன்னால், “நேரமெடுக்குமாம்” என்பேன். கொஞ்சம் சீனி போட்டுக் கொடுப்பது பெரிய மனுசத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பயண நாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவன் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். கொழும்பிலிருந்து அவனுடைய மச்சான், தகப்பனின் தங்கை மகன், பேசினான்.

“மாமா போயிட்டார், அண்ணை. ராத்திரி நெஞ்சு நோகுது எண்டவராம். ஊரடங்கிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சு.”

அவனுக்குப் போன் காசு ஓடிக்கொண்டிருந்தது போல, அவசரமாகச் சொன்னான்.

“நாளைக்கு விடிய வெள்ளணப் பிரேதம் எடுக்கினம். இவன் ஒரே மகன். தனக்குப் பதிலா ஆர் கொள்ளி வைக்கிறது எண்டு இவன்தான் சொல்லவேணும். அக்கா டவுன் மருந்துக்கடையிலை போனுக்குக் கிட்ட இருக்கிறா. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதுக்கு முதல் போன் எடுக்கச் சொல்லுங்கோ. நம்பரை எழுதுங்கோ. ஒரேயடியாச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை. முதல்லை ஒரு வாய் சாப்பிடக் குடுத்திட்டு, கடுமை எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு முறை உண்டு. செத்தவரைச் செத்துவிட்டார் என்று முதலில் சொல்வதில்லை. ‘கடுமையாக இருக்கிறார்’ என்பார்கள். கேட்பவருக்கு அதிலேயே விளங்கிவிடும். அழுகை தொடங்கினால் பிறகு சோறு இறங்காது என்பதால் அதற்கு முன் சாப்பிட வைத்துவிடுவார்கள்.

நம்பரை எழுதினேன். ஊரில் அப்போது பின்னேரம் மூன்றரை. இரண்டரை மணித்தியாலம் இருந்தது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பழைய துணிக்கடையில் வாங்கிய நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தான். “ஆர் அண்ணை போனிலை?” என்று கேட்டான்.

“பிழையான நம்பர்.”

பாணும் முட்டைப் பொரியலும் வைத்தேன். சாப்பிட்டான். மச்சான் சொன்னதில் சாப்பாடு கொடுப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்போது காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. பத்து மாதமாக அவன் இந்த நகரத்தை விட்டு வெளியே போனதில்லை. ஊருக்குப் போன் எடுத்தாலும் லைன் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சொன்னால் நாள் முழுக்க அந்த அறைக்குள் கிடந்து அழுவான், செத்தவர் எழும்பி வரப்போகிறாரா? கொள்ளியை யார் வைத்தாலும் நெருப்பு நெருப்புத்தானே என்று நான் முற்போக்காக வேறு யோசித்தேன். இவ்வளவும் உண்மை. ஆனால் எனக்கும் அந்தப் பயணம் போக ஆசை இருந்தது, அவனை அழவிட்டுவிட்டு நான் மட்டும் போக முடியாது என்பதும் உண்மை. சாவு சொல்லப் பயமும் இருந்தது. பின்னேரம் வந்து சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட மஞ்சள் பஸ் ஏழரைக்கு வடக்கே புறப்பட்டது. அவன் யன்னல் பக்கம் இருந்தான். எட்டரை மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் ஆறு. அக்கா எழுந்து போயிருப்பாள். அவன் என் தொடையில் தட்டி, மலையில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்ததைக் காட்டினான். ஓம், ஓம் என்றேன்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. தடித்த சப்பாத்து, கையில் ஊன்றுகோல். எங்களுக்கு விளங்க வேண்டுமென்று பிரெஞ்சை மெல்ல மெல்ல, இடையில் ஆங்கிலமும் கலந்து பேசினார். முதலாவது ஏரிக்கரையில் இறங்கியபோது குளிர்ந்த தூறல். தண்ணீர் கறுப்பாக அசையாமல் கிடந்தது. சுற்றிவர ஊசியிலை மரம். வெள்ளையாக ஒரு சொட்டுக்கூட எங்கும் இல்லை. பனியாறு எங்கே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நிற்கிற இடத்தை ஊன்றுகோலால் தட்டிக் காட்டினார். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் மலையுயரப் பனியின் கீழே கிடந்தது, அது நகர்ந்து நகர்ந்து தோண்டிய பள்ளங்கள்தான் இந்த ஏரிகள், உயிரோடிருக்கும் பனியாறு பார்க்க வேண்டுமானால் ரயிலில் நாட்கணக்காக மேற்கே போகவேண்டும் என்றார்.

“அண்ணை, என்னவாம்?”

சொன்னேன். அவனுக்கு ஏமாற்றமில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரை முழுவதையும் நோட்டம் விட்டான்.

“கட்டு எங்கை எண்டு கேளுங்கோ.”

அவனுடைய ஊரில் குளம் என்றால் மனிதர் கட்டியது. மண் அணைக்கட்டு இருக்கவேண்டும், தண்ணீர் திறக்கும் கதவு இருக்கவேண்டும், கதவுக்குக் கீழே வயல் இருக்கவேண்டும். நான் கேட்டேன். கட்டு இல்லை, யாரும் கட்டவில்லை என்று ஆசிரியை சொன்னார். அவன் நம்பவில்லை. நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்து, “வடிவாக் கேளுங்கோ” என்றான். மறுபடி கேட்டேன். அதே பதில்.

“கட்டு இல்லாமக் குளமோ! அப்பாட்டை எழுதினா என்னை விசர் எண்டுவார்.”

வகுப்புக் கொப்பியை எடுத்துத் தூறலில் குனிந்து எழுதினான். அதன்பிறகு ஓயவில்லை. ஆழம் எவ்வளவாம்? மாரியிலே தண்ணீர் எங்கே வழியுமாம்? இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு போகமும் விதைக்கவில்லையாமோ? ஆசிரியைக்கு அவனைப் பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று, மற்றவர்களை விட்டுவிட்டு எங்களோடே நடந்தார். பதிலை நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் “இதையும் அப்பாட்டை எழுதவேணும்” என்றான். நான் அந்த மனிதர் கிடத்தப்பட்டிருக்கிற வீட்டை நினைத்துக்கொண்டே பனி எப்படி நகரும் என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அரித்தது. சொன்னால் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே. ஒவ்வொரு மணித்தியாலமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது.

மத்தியானம் கடதாசிப் பையில் சாப்பாடு கொடுத்தார்கள். அவனுக்குப் பன்றி இறைச்சி வைத்த பாண், எனக்குச் சீஸ் வைத்தது. அவன் வாய்க்குக் கொண்டுபோன நேரம் என் கை போய் அதைப் பறித்தது. தகப்பன் வீட்டில் கிடக்கிறார், மகன் மச்சமாமிசம் தின்பதா? நெருப்பு நெருப்புத்தானே என்று காலையில் நினைத்தவனின் கைதான் அது.

“என்ன அண்ணை?”

“எனக்கு அது வேணும். நீ இதைத் தின்.”

சிரித்துக்கொண்டு சீஸ் பாணை வாங்கிக்கொண்டான். நான் அந்த இறைச்சியை அவன் பார்த்திருக்கச் சாப்பிட வேண்டியதாயிற்று.

பின்னேரம் இன்னும் இரண்டு ஏரி. கடைசியில் ஒரு பாறையில் நீளநீளமான கீறல்களைக் காட்டினார்கள். பனி இழுத்துக்கொண்டு போன கற்கள் கீறியவையாம். அவன் அதிலே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றான். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.

அறைக்கு வர ஆறரை. பால் வாங்க மூலையிலிருந்த டெப்பனர் கடைக்குப் போய்விட்டு வந்தான். கதவடியிலேயே சொன்னேன்.

“கோல் ஒண்டு வந்தது. அப்பாவுக்குக் கடுமையாம்.”

பாலைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்தான். கதவை மூடிவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றான். விளங்கிவிட்டது.

“எப்ப?”

“ராத்திரி.”

“கோல் எப்ப வந்தது?”

“இப்பதான். நீ கடைக்குப் போன நேரம்.”

என்னைப் பார்த்தான். பிறகு, “அந்த இறைச்சிப் பாணை ஏன் பறிச்சனீங்கள்?” என்று கேட்டான்.

அவன் தொலைபேசிக்கு அடியில் கிடந்த கடதாசித் துண்டை எடுத்து, நான் எழுதியிருந்த மருந்துக்கடை நம்பரைப் பார்த்தான். மருந்துக்கடைக்கு எடுத்தான். ஒப்பரேட்டர் இரண்டு முறை முயன்றாள், யாரும் எடுக்கவில்லை. அங்கே விடியப்புறம் நான்கு மணி. பிறகு கொழும்புக்கு எடுத்தான். மச்சானின் சத்தம் எனக்கே கேட்டது. “விடியவே சொல்லச் சொன்னனான். அக்கா ஆறு மணி மட்டும் இருந்தவ. கடை திறக்கமுதல் அங்கை எல்லாம் முடிஞ்சிடும்.” அவன் “ஓம்… ஓம்” என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டுப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தான். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. அவன் அதை எனக்கு உரத்து வாசித்தான், ஒரு வரி விடாமல். தன் புருசனைக் கொள்ளி வைக்கச் சொல்லி அவன் சொல்வான் என்று அக்கா காத்திருந்திருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு அவளுக்காகக் கடைசி நிமிடம்வரை நின்றிருக்கிறார். மகனிடமிருந்து சொல் வராதபடியால் ஊர்ப் பெரியவர்கள் முறை பார்த்துப் பெரியப்பாவின் மகனைக் கொண்டு வைப்பித்துவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் தகப்பன் பதினைந்து வருடமாக முகம் பார்க்காத ஆள் அவன். தான் செத்தாலும் அவன் படலை தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாராம். “தம்பி, உனக்கு என்ன வேலை வந்ததோ தெரியாது” என்று அக்கா முடித்திருந்தாள். கடிதத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்தான். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணை” என்றான். பரவாயில்லை என்பது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன்பின் அவன் “என்னவாம்?” என்று கேட்பதை நிறுத்திவிட்டான். பழைய அகராதி ஒன்று வாங்கினான். குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்து குசினி மேசையில் வீட்டுக்காரரின் அறிவித்தல் துண்டுகளைத் தானே சொல்சொல்லாகத் தேடி வாசித்தான். பக்கத்திலே நான் இருப்பேன். ஒரு சொல் கேட்கமாட்டான். சமைத்ததைப் பகிர்ந்தோம், சுகம் விசாரித்தோம், எல்லாம் மரியாதையாக நடந்தது.

வசந்தத்தில் அவனுக்கு விசாரணைத் தேதி வந்தது. அதற்கு முன் வழக்கறிஞரிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லவேண்டும். நான் வேலைக்கு லீவு போட்டேன். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வழக்கறிஞர் எனக்கும் கதிரை இழுத்துப் போட்டு, “வழக்கம்போல உங்கள் நண்பர்தானே மொழிபெயர்ப்பார்?” என்று பிரெஞ்சில் கேட்டார். அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. தானே, பிரெஞ்சில், நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னான்.

“வேண்டாம், வேறு ஆள் போடுங்கள். இவர் நல்லவர். ஆனால் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்.”

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனேன்.