வெள்ளைப்பூ வாசனை விற்ற அக்கா

வெள்ளவத்தையில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் விற்பனைக்கு நின்ற அவரைச் சந்தித்தேன். ஐம்பது வயது மதிக்கலாம். மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, காதில் பெரிய முத்துத் தோடு. தோழியின் மகளின் கலியாணத்துக்குப் போட்டுப்போக ஒரு பெர்ஃபியூம் தேடிப் போயிருந்தேன்.

ஒவ்வொன்றையும் கடதாசித் துண்டில் அடித்து, தானே முதலில் கண்ணை மூடி முகர்ந்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். ஐந்தாவதைத் தந்தபோது, "இது முழுக்க வெள்ளைப் பூக்கள், தங்கச்சி. முதல்ல தோடம்பழப் பூ வரும். பிறகு மல்லிகை. பின்னேரம் ஆனா சந்தனம்தான் நிக்கும்" என்றார். முகர்ந்தேன், திரும்பவும் ஒருதரம் முகர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன் லொறி கடைவாசலில் வந்து நின்றது. கடையில் நின்ற எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அவர் மட்டும் புன்னகை மாறாமல், "நல்லா மூச்சை இழுங்கோ" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "கொரோனாவோட எனக்கு மணம் தெரியாமப் போயிட்டுது. முதலாளிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதீங்கோ" என்றார்.

"அப்ப எப்படி விக்கிறீங்கள் அக்கா?"

"பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாடமாக்கினனான். மிச்சம் வாறவையின்ர முகத்தில இருக்கு. மற்ற நாலுக்கும் நீங்கள் தலைதான் ஆட்டினீங்கள். இதை மட்டும் ரெண்டாந்தரம் மணந்து பாத்தீங்கள்."

அதையே வாங்கினேன். கலியாண வீட்டில் மூன்று பேர் என்ன பெர்ஃபியூம் என்று விசாரித்தார்கள். கடையைச் சொல்லி, "அங்க நிக்கிற அக்காவைக் கேளுங்கோ. அவவுக்கு நல்ல மூக்கு" என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.