இடப்பக்கம் இழுக்கிற கார்

முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி, ஒருவர் மீதும் உரசாமல் ஓய்வு பெற்றவர் அவர். நேரம் தவறாததால் டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான், வெளியே மட்டும் சலித்துக்கொள்வார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வாய்த்த ஒரே தடம் பேத்தியின் பள்ளிக்கூடம். மகள் விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவாள். பேத்தியைக் கொண்டு விட்டுக் கூட்டி வருவது தாத்தாவின் பொறுப்பு. அதற்குத்தான் பதினாலு வயதான அந்தச் சாம்பல் நிறக் கார். கொஞ்ச நாளாக அது மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது.

அன்றைய குறைகளை ஏட்டில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து ஓட்டுகிறவன் தலையில் விடியும் என்பது டிப்போவில் சட்டம். பழக்கம் லேசில் விடுமா? வீட்டுக் காருக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கக் கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. ஹெட்லைட் மங்கல். இடது கதவில் நாலு கீறலும் ஒரு நசுங்கலும் ஏற்கெனவே விழுந்திருந்தன.

முனைக்கடை மெக்கானிக் ஒவ்வொரு முறையும் கழற்றி, துடைத்து, மாட்டி, "இப்ப ஓட்டிப் பாருங்கண்ணே" என்பார். நாலு நாள் சரியானது போலிருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை.

"இனி இந்த வண்டிய நம்பிப் புள்ளைய ஏத்த முடியாது. மாத்திடலாம்," என்று மனைவியிடம் சொன்னார். அவள் வாசலில் நின்ற காரின் இடது கதவைப் பார்த்தாள்.

கார் தேடுவதிலும் மனுஷர் கறார். விளம்பரத்தை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் போய் நின்று, எந்த வண்டி குளிரிலும் ஒரே சாவியில் எடுக்கிறது, எதற்கு உதிரி பாகம் உடனே கிடைக்கிறது, எது நடுரோட்டில் காலை வாரும் என்று ஒரு வாரம் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஓட்டிப் பார்க்க ஒரு மாலை மனைவியோடு ஷோரூம் போனார்.

வாசலைத் தாண்டும்போதே இடப்பக்கம் இருந்த சிமெண்ட் பூந்தொட்டியில் அந்தப் புதுக் கார் உரசிற்று.

"இதுவும் இடப்பக்கம் இழுக்குதேம்மா!" என்றார், பக்கத்தில் இருந்த விற்பனைப் பெண்ணிடம்.

"புது வண்டி சார். நேத்துதான் வந்து இறங்குச்சு," என்றாள் அவள் பாவமாக.

கண்ணாடியைப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டார். மங்கல். ஓரமாக நிறுத்தி, பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து மூன்று குறையையும் எழுதினார். அதே பக்கத்தில் மேலே பழைய காருக்கு எழுதியதும் அதே மூன்றுதான். பேனா கையிலேயே நின்றுவிட்டது.

மனைவியோடு நேரே மெக்கானிக்கிடம் போனார். "உண்மையச் சொல்லு. என் வண்டில என்ன கோளாறு?"

மெக்கானிக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் இல்லண்ணே. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? ரோட்ல யாராவது குறுக்க வந்திருந்தா?"

"உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவள் காரணமே இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூட வந்துகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "சைக்கிள் வருது பாருங்க", "கல்லு கிடக்கு பாருங்க" என்று வாய் ஓயாமல் பேசுவாள். தொணதொணப்பு என்று எரிந்து விழுந்திருக்கிறார். அவருடைய இடப்பக்கத்தை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அவள்தான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே," என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், குரல் உடைந்துவிட்டது.

"சொல்லியிருக்கணும். தப்புதான். உங்க முகத்தைப் பாத்தா முடியலங்க," என்றாள். அவளும் அழுதாள்.

கண் மருத்துவர் நரம்பைப் பார்த்துவிட்டு, போய்விட்ட இடப்பக்கப் பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். கார் ஓட்டக் கூடாது என்பதை அவர் சொல்லி முடிக்கும் முன்பே இவர் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை பேத்தி புத்தகப் பையோடு பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அவர் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"வண்டி நல்ல வண்டி. டிரைவரை மாத்துனா போதும்."

கல்யாணத்துக்கு முன் தன் அப்பாவின் ரொட்டிக்கடை வேனை ஓட்டியவள் அவள். அதன்பிறகு அவர் ஒரு நாளும் ஸ்டீயரிங்கை விட்டுக்கொடுத்ததில்லை. லைசென்ஸை மட்டும் அவள் தவறாமல் புதுப்பித்து வந்தாள். எதற்கு என்று அவர் கேட்டதும் இல்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அவருடைய நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளிப் போட்ட இருக்கை அது, பதினாலு வருடமாக யாரும் நகர்த்தாதது. அடியிலிருந்த பிடி துருவேறி இறுகியிருந்தது. அவர் கதவோரம் தரையில் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்து அதைத் தூக்கினார். இருக்கை கிறீச்சென்று அசைந்தது.

"எட்டுதா?"

"இன்னும் கொஞ்சம்."

தோளைக் கொடுத்து முன்னால் தள்ளினார்.

"இப்ப?"

"எட்டுது. எந்திரிச்சு வந்து அந்தப் பக்கம் ஏறுங்க, புள்ளைக்கு நேரமாச்சு."