ஒன்பது தலைமுறைப் பெயர்கள்

ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர் லியூவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வயதில் சீனாவிலிருந்து வந்து, ஐம்பது வருடத்துக்கு மேல் கோவைக்காரர்களுக்குப் பல் கட்டியவர். மனைவி யூலான் சேலத்தில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். வீட்டுக்குள் இருவரும் தங்கள் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலை, முழு மீனை ஆவியில் வேகவைத்து மேஜையில் வைப்பாள் யூலான். லியூ ஊதுபத்தி ஏற்றி, ஒன்பது தலைமுறை முன்னோர்களைப் பெயர் சொல்லிச் சாப்பிட அழைப்பார். பெயர்கள் இருந்த தாளை, அறுபத்திரண்டு சீன யுத்தத்தின்போது போலீஸ் சோதனைக்குப் பயந்து அவரே அடுப்பில் போட்டுவிட்டார். மறுபடி எழுதி வைக்கும்படி யூலான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். தலைக்குள் இருக்கும்போது தாள் எதற்கு என்பார். அவர் பெயர்களைச் சொல்லும் நேரம் அவள் அடுப்படியில் அடுத்த பதார்த்தத்துக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருப்பாள். மகன் வென் வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருப்பான்.

தொண்ணூற்றைந்தில், தீபாவளி கழிந்த வாரம் லியூவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை ஓரளவு தேறியது. தாய்மொழி மட்டும் திரும்பவே இல்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய தமிழில் நாலு வார்த்தை மிஞ்சியிருந்தது.

"பேச்சு வந்துபோடுமுங்க, மனசத் தளர உடாதீங்க" என்றாள் பக்கத்து வீட்டு ரங்கநாயகி.

பிப்ரவரியில் புத்தாண்டு வந்தது. யூலான் அவரை நாற்காலியோடு மேஜை முன் நகர்த்தி, ஊதுபத்தியைக் கையில் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாயத் தொறங்க கண்ணு... வலிக்காதுங்க" என்றார்.

தப்பென்று அவருக்கே தெரிந்தது. மறுபடி முயன்றார். "கொப்புளிச்சுத் துப்புங்க."

யூலான் ஊதுபத்தியை வாங்கிக்கொண்டாள். மாமனார் பெயரைச் சொன்னாள். அவருடைய அப்பா பெயரைச் சொன்னாள். மூன்றாவது பெயரில் நின்றுவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் காதில் விழுந்தும் மற்ற ஏழில் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை.

லியூ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பறமுங்க?"

"எனக்குத் தெரியலீங்க" என்றாள் அவளும் தமிழிலேயே. சொல்லிவிட்டு அவர் மடியில் தலை வைத்து அழுதாள்.

மறுநாள் டொராண்டோவில் இருக்கும் மகனுக்கு போன் போட்டாள். "வென், அப்பா கூப்பிடற பேருல ரெண்டாவது நெனப்பிருக்குதா கண்ணு?"

"நான் ஒரு வருசமாவது உள்ள வந்து கேட்டனாம்மா?" என்றான். பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

ஜூன் மாதம் லியூ இறந்தார். அடுத்த புத்தாண்டில் யூலான் தனியாக மீன் வைத்து மூன்று பேரை அழைத்தாள். மூன்றாவது பெயர் இப்போது அவருடையது. மற்றவர்களும் வர வேண்டும் என்று சொல்லி நிறுத்தினாள். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மீன் ஆறிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.