உபயோகம்: இல்லை

ரிடையர் ஆகி நாலு வருஷமாகியும் காலையில் என் கால் மட்டாஞ்சேரி படகுத்துறைக்குத்தான் போகிறது. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஏற்றுமதிப் படிவங்களைத் திருத்தியவன். எந்தக் கப்பல், என்ன சரக்கு என்று பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது.

போன செவ்வாய்க்கிழமை நல்லவேளையாக வேலை கிடைத்தது. பின் தெரு சாவித்திரி ஒரு வெற்றுப் படிவத்தோடு வந்தாள். பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். லீவு நாட்களில் மண் ஜாடிகள் செய்து சுடுகிறவள். ஜாடி என்றால் உருண்டையாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சதுரத்தின் மேல் கூம்பு, கூம்பின் விலாவில் முக்கோணம் – ஜியாமெட்ரியில் பெயிலானவனின் கெட்ட கனவு! அதில் மூன்றை வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்று கேட்டிருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது.

“‘பொருளின் உபயோகம்’னு ஒரு கட்டம் இருக்கே மாமா... என்ன எழுதறது?”

“என்ன உபயோகம்?”

“ஒண்ணுமில்லை. அது நிக்கும். அவ்வளவுதான்.”

“சும்மா நிக்கறதையெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டா.”

கலைப்பொருள் என்று எழுதலாம். எழுதினால் மதராஸிலிருந்து நிபுணர் சான்றிதழ் வரவேண்டும் – பத்து நாள். அணா போய் நயா பைசா வந்துவிட்டது. இந்த விதி மட்டும் அசையவில்லை. அதனால் நானே பேனாவைத் திறந்து ‘பூ வைக்க’ என்று எழுதினேன்.

“இதுல பூ நிக்காதே மாமா!”

“முதல்ல கப்பல் ஏறட்டும்!”

வியாழக்கிழமை துறைமுக ஷெட்டில் சோதனை. சாவித்திரியோடு நானும் போயிருந்தேன். ஆபீசர் வர்கீஸ் என்னிடம் தொழில் பழகியவர். வைக்கோலை விலக்கி ஒரு ஜாடியை எடுத்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடிக்கத்தான் என்று நினைத்தேன்... ஜாடியின் வாயில் ஊற்றினார். அது விலாவிலிருந்த பிளவு வழியாக வந்து அவர் ஷூவை நனைத்தது.

“சாரே, இதில வெள்ளம் நிக்கலையல்லோ! பூ எங்ஙனே வைக்கும்?”

“வர்கீஸ், ஒரு ஜாடிக்குப் போய்...”

“எழுதினதைச் செஞ்சு பாக்கணும்னு எனக்குப் படிப்பிச்சது ஆரு? சார் தன்னே அல்லே?”

நான்தான். தப்பான விவரம் கொடுத்தால் பெட்டியைப் பிடித்து வை என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சாவித்திரி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“அந்தப் படிவத்தை இங்க தாங்கோ” என்றாள். சோதனை முடிவதற்குள் உரிமையாளர் திருத்தலாம் என்பது விதி. எனக்கே அது பதற்றத்தில் மறந்துவிட்டது! நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘உபயோகம்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“இதுதான் நிஜம். இப்போ சோதிச்சுப் பாருங்கோ, சார்.”

வர்கீஸ் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மூன்றிலும் தண்ணீர் ஊற்றினார் – ஒழுகியது. பேனாவைச் செருகினார் – பிளவு வழியாக வெளியே விழுந்தது. குடையைச் சாய்த்தார் – சரிந்தது. பத்து நிமிஷம் உழைத்தும் மனிதருக்கு ஒரு உபயோகமும் அகப்படவில்லை.

“கரெக்ட்!” என்றார். ‘மற்ற மண் சாமான்கள்’ என்ற கடைசிக் கட்டத்தில் டிக் அடித்து முத்திரை குத்தினார்.

‘மற்றவை’யா? அது சோம்பேறிகளின் பதில் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியது. கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சாவித்திரி நாலாவதாக ஒரு ஜாடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கோபமில்லை என்று அர்த்தமாம்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். ஜாடி வைத்த இடத்தில் இருக்கிறது.

இப்போது எங்கள் இரண்டு பேருக்குமே உபயோகம் இல்லை. ஆனால், அதற்கு நிற்கத் தெரிந்திருக்கிறது!