நவம்பர் மாதத்து வெறுங்கழுத்து

பெரம்பலூரில் படைவீரர் குடும்பங்களின் பென்ஷன் விவகாரங்களைப் பார்க்கும் ஆபீஸில், நான் கவுன்ட்டருக்கு மாற்றலாகி வந்த முதல் நவம்பர் அது. நவம்பர் என்றால் எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை நேரில் வந்து காட்ட வேண்டும். விதவைகள் கூடுதலாக, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செந்துறைப் பக்கத்திலிருந்து செல்லம்மாள் வந்தாள். புருஷன் எல்லையில் காவலில் இருந்தபோது இறந்துபோனவர். நெற்றியில் பொட்டில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கறை பளிச்சென்று தெரிந்தது. நானும் தாலிக்கயிறு கட்டியவள்தானே, தெரியாமல் போகுமா? பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் அழ ஆரம்பித்தாள். ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தேன்.

"கொழுந்தனுக்கே கட்டி வச்சுட்டாங்கம்மா. குலசாமி கோயில்ல, வெளிய யாருக்கும் சொல்லல. வருசா வருசம் இங்க வர்றப்ப பஸ் ஸ்டாண்டுலயே கழட்டிச் சுருக்குப்பையில போட்டுக்குவேன். இப்ப அவரு திருச்சி ஆஸ்பத்திரில கெடக்குறாரு. வயித்துல ஆபரேசன். பொண்டாட்டி வந்து கையெழுத்துப் போடணுங்கிறாங்க. நான் அண்ணின்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். பொண்டாட்டின்னு போட்டா பென்சன் போயிருமே, புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு வருகிற பென்ஷனில், இறந்தவரின் உடன்பிறந்த தம்பியை மணந்து, பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றி வந்தால் பணம் நிற்காது. விதியிலேயே இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குப் பயந்து, புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்க, தாலியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்!

விதிப் புத்தகத்தோடு சூப்பிரண்டிடம் போனேன். அவர் தலையே நிமிரவில்லை.

"அது தெரிஞ்ச விசயம்தானம்மா."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா சார்?"

"கேட்டா சொல்லலாம். கேக்காதவங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா வேலை ஓடுமா? இத்தன வருசம் பொய்யா எழுதிக் குடுத்திருக்கு. மொதல்ல அதுக்கு வெளக்கம் வாங்குங்க."

"கல்யாணம் பண்ணலைன்னு எழுதுங்கன்னு நீட்டத் தெரியுது. யாரப் பண்ணினா பரவாயில்லன்னு ஒரு வார்த்த சொன்னோமா சார்?"

அவர் அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டார். விளக்கக் கடிதத்தை நானே எழுதிச் செல்லம்மாளிடம் கையெழுத்து வாங்கினேன்.

"ஒனக்குப் பென்சன் போகாதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயி பொண்டாட்டின்னே போடு."

"நெசமாத்தான் சொல்றீங்களாம்மா?"

சுருக்குப்பையைத் திறந்து தாலியை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு என் மேசைக்கு முன்னாலேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது ஆபீஸா, கல்யாண மண்டபமா?" என்று கத்தினார் சூப்பிரண்டு. அவள் காதில் விழவே இல்லை. திருச்சி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

ஆபரேஷன் நடந்து ஆள் பிழைத்துக்கொண்டார். மேலிடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டு, இழுத்தடித்து, கடைசியில் பென்ஷனும் தொடர்ந்தது. அடுத்த நவம்பரில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் செல்லம்மாளின் கை தன்னால் கழுத்துக்குப் போய்த் தாலியைச் சேலைக்குள் மறைத்தது. பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பழக்கமாயிருச்சும்மா."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கேட்டால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பயந்தவர்கள் கேட்கமாட்டார்கள், மறைப்பார்கள். அந்தக் கை கழுத்துக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.