பெயர் சொல்ல விரும்பாத அந்த மூன்று பேர்

ஜமுனாமரத்தூரில் கரண்ட் பாதி நாள் வராத காலத்தில், டீசல் என்ஜின் போட்டு ராகி அரைக்க மில் வைத்தவன் நான். மலைக்குக் கீழேயிருந்து வந்த வியாபாரி சொன்னதுதான் விலை என்றிருந்தபோது புளி மண்டி வைத்தவன் நான். சந்தைக்குப் பக்கத்தில் மெஸ் வைத்தவன் நான். பாறையும் முள்ளுமாகக் கிடந்த மேட்டைச் சமப்படுத்தி, செம்மண் கொட்டி, கபடி கிரவுண்டு ஆக்கியவனும் நான்தான்.

படிப்பு? ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டின் பின்னால் போனேன். இந்தப் பத்தியில் வரும் ஒற்றெழுத்தெல்லாம் இந்தப் பத்திரிகை ஆசிரியர் போடுவது. விஷயம் என்னுடையது.

இவ்வளவும் செய்தவனுக்குப் பெயரே கிடையாது என்று ஒரு பேப்பர் போன வாரம் முடிவு செய்துவிட்டது!

எங்கள் கிரவுண்டில் மாவட்டப் பெண்கள் கபடி அணிக்கு செலக்‌ஷன் நடந்தது. மதியச் சாப்பாடு என் மெஸ்ஸிலிருந்து. நானே நின்று பரிமாறினேன். பரிமாறுகிறவனுக்கும் காது இருக்கிறது என்று சாப்பிடுகிறவர்கள் யாரும் நினைப்பதில்லை. தேர்வாளர் ஒருவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்:

"டீமு நேத்தே முடிவாய்டுச்சிங்க. இன்னைக்கு சும்மா ஆட வுட்டுப் பாக்கறதுதான்."

எங்கள் மலைப் பெண் ரஞ்சிதா அன்று ரெய்டு போனபோதெல்லாம் யாரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள். சாயங்காலம் அறிவித்த அணியில் அவள் இல்லை. அந்தத் தேர்வாளரின் அண்ணன் மகள் இருந்தாள். அந்தப் பெண் ஒரு தடவையாவது நடுக்கோட்டைத் தாண்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கண் ஆபரேஷன் செய்துகொண்டவன் நான்... நன்றாகவே தெரிகிறது.

விளையாட்டுப் பக்கம் எழுதும் நிருபர் ஒருவர் கீழேயிருந்து பைக்கில் வந்தார். மெஸ்ஸில் கூட்டம் போன பிறகு அவரை உட்கார வைத்து, காதால் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். என் பெயரையும் சொன்னேன். போட்டோ எடுப்பார் என்று வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வேறு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்குச் செய்தி. 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கூறுகையில்...'

யார் விரும்பாதது? நானா? மில், மண்டி, மெஸ் எல்லாவற்றிலும் வாசலுக்கு மேலே சொந்தப் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறவனா?

வாசித்துக் காட்டிய மெஸ் பையனை மேற்கொண்டு படிக்கச் சொன்னேன். 'அணிக்கு நெருக்கமான இன்னொருவரும் இதை உறுதிப்படுத்தினார்.' அதற்கும் கீழே, 'விவரமறிந்த நிர்வாகி ஒருவர்...' மூன்று பேரும் நான்தான்! சாப்பிடும்போது சொன்னது ஒருவர், டீ குடிக்கும்போது சொன்னது இன்னொருவர், அவர் பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது சொன்னது மூன்றாமவர். மெஸ்ஸில் நான் கோழியைக்கூட இவ்வளவு சாமர்த்தியமாகப் பங்கு போட்டதில்லை.

டீக்கடையில் அதே பேச்சு.

"மூணு பேர் சொல்லிக்கீறாங்கபா. அப்போ நெஜந்தான்."

"அணிக்கு நெருக்கமானவருன்னா யாரு? கோச்சம்மாதான். வேற யாருக்கு இன்னா தெரியும்?"

"டேய், மூணும் நான்தான்டா" என்றேன்.

"சும்மா இரு பெரியப்பா. ரோடு போட்டதும் நீதான்னுவ, மழை வந்தாலும் நீதான்னுவ!"

சிரிக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அவர்கள் சொன்ன கோச்சம்மா கோகிலா. ஆலங்காயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து எங்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். தற்காலிக வேலை. மறுநாளே கபடிச் சங்கத்திலிருந்து அவருக்குப் போன் — விசாரணை முடியும்வரை கேம்ப்புக்கு வர வேண்டாம். குற்றம் நிரூபணமானால் வேலையும் கிடையாது.

அணியை எப்படி எடுத்தார்கள் என்று விசாரணை இல்லை. வெளியே சொன்னது யார் என்றுதான் விசாரணை!

கோகிலா மெஸ்ஸுக்கு வந்தார். வைத்த இட்லி அப்படியே இருந்தது.

"நான் அந்த ஆளை நேர்ல பாத்ததுகூட இல்லீங்க, பெரியப்பா. சொல்லாததை சொல்லலைன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?"

நிருபருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, என் பேரைப் போடு. அந்தப் பொண்ணு வேலை போவுது."

"ஐயா, சோர்ஸைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுங்க. தொழில் தர்மம்."

"காட்டிக் குடுன்னு சொல்றதே அந்த ஆளுதான்யா!"

"உங்க பாதுகாப்புக்குத்தாங்க..."

"எனக்கு இன்னாத்துக்குப் பாதுகாப்பு? சாம்பார்ல உப்பு இல்லன்னு கேஸ் போடுவானுங்களா?"

நிருபர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "ஐயா... உங்க பேரைப் போட்டா, மத்த ரெண்டு பேரு யாருன்னு எடிட்டர் கேப்பாருங்க."

அப்படியா சங்கதி! தர்மம் இத்தனை நாள் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறதா?

பெயரை மறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரஞ்சிதா வாய் திறந்திருந்தால் கட்டாயம் மறைக்க வேண்டும். அவள் நாளைக்கும் அந்தத் தேர்வாளர் முன்னால்தான் ஆட வேண்டும். பயப்படுகிறவருக்குப் போர்வை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் கேட்காத என் மேல் போர்வையைப் போர்த்தி, எனக்கு இரண்டு பக்கமும் இல்லாத இரண்டு பேரைப் படுக்க வைத்தால்? குளிரில் நிற்பது கோகிலா அல்லவா?

அதனால் சங்கத்தாருக்கு இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். சொன்னவன் நான். விசாரிக்க வேண்டுமானால் மெஸ்ஸுக்கு வாருங்கள். அதற்கு முன்னால் கோகிலாவைக் கேம்ப்புக்குக் கூப்பிடுங்கள்.

பேப்பர்காரருக்கு ஒரே கோரிக்கைதான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'சொன்னவர் கா. பொன்னாண்டி, ஜமுனாமரத்தூர்' என்று வர வேண்டும்.

மூன்று இடத்திலும்!