அவளுக்கு மிச்சமிருந்த சொற்கள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போனது. எங்களை உடைத்தது அதுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அவள் அதுவரை பிளவுஸ் தைத்துக் கொடுத்துவந்தாள். அளவு கொடுக்க வரும் பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவார்கள். பம்ப் கம்பெனி வேலை முடிந்து நான் வீடு திரும்பினால், "ஏனுங்க" என்று ஆரம்பிப்பாள். சாப்பிட்டுக் கை கழுவும் வரை அவள்தான் பேசுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாங்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. வாயைத் திறப்பாள், "த... த..." என்று ஓர் ஒலி மட்டும் வரும்; உடனே கண் கலங்கிவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகள் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு டேப்லட் அனுப்பினாள். பூனை, குடை, டம்ளர் என்று படம் காட்டி, இது என்ன என்று அது கேட்கும். கொஞ்ச நாள் முயன்று பார்த்தாள். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வீட்டின் அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. காலையிலேயே டிவியில் பிரசங்கம் போட்டுவிடுவேன். பூப்படத்தின் மேல் வேத வசனம் எழுதி உறவுக்காரர்கள் செல்போனில் அனுப்புவார்கள். படிக்காமலே நானும் நாலு பேருக்குத் தள்ளிவிடுவேன். ஞாயிறு ஆராதனையும் யூடியூபில்தான். அதன் நடுவிலும் விரல் சும்மா இருக்காது. யாரோ மீன் குழம்பு வைப்பதைப் பார்ப்பேன், எங்கோ லாரி கவிழ்ந்ததைப் பார்ப்பேன். கர்த்தரின் பெயர் வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஜெபம் பண்ணித்தான் மாதக்கணக்காகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மேட்டுப்பாளையம் ரோட்டில் குழி தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். செல்போனிலும் சிக்னல் சரியாக இல்லை. மறுநாள் காலை ஆராதனை தொடங்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் இடது கையால் வாசலைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் காட்டினாள். சர்ச்சுக்குப் போகலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

ஆட்டோக்காரரும் நானும் அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கூட்டிப் போனோம். கடைசி வரிசையில் இடம் பிடித்தோம். அவளைப் பார்த்ததும் சிலருக்கு அழுகை வந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். ஆயர் பிரசங்கத்தை முடித்ததும் சபை எழுந்து நின்று, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கியது. பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த பெண்குரல் கேட்டது. யாரோ என்று நினைத்துத் திரும்பினேன். அவள்தான். வார்த்தை ஒவ்வொன்றும் முழுதாக வந்தது. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

வெளியே வந்ததும், "ஒரு வார்த்த பேசு, கண்ணு" என்றேன். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். "த... த..." என்றுதான் வந்தது.

சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னது மூளையில் வேறு இடத்தில் தங்கியிருக்கும், இதைப் பார்த்துப் பேச்சு திரும்பிவிடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். "ஏனுங்க" என்ற ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவோ காத்திருந்தேன். வரவே இல்லை.

ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் டிவியை அணைத்துவிட்டு நான் ஜெபத்தைத் தொடங்கினால், அவள் கூடவே வருவாள். நாளெல்லாம் பூட்டிக் கிடந்த குரல் அந்தச் சில நிமிடங்களுக்குத் திறக்கும். அதைப் பதிந்து அனுப்பச் சொல்லி மகள் கெஞ்சினாள். செல்போனை நீட்டியதும் அவள் வாய் நின்றுவிட்டது. இடது கையால் அதை மெல்லத் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு நான் அதை நீட்டவில்லை.

மழைக்காலத்தில் மறுபடியும் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் காதோரம் குனிந்து ஜெபத்தைச் சொன்னேன். உதடு அசைந்தது. பாதியில் நின்றது. மீதியை நான் மட்டும் சொன்னேன்.

அடக்கத்துக்கு வந்த மகள், உறவுக்காரர்கள் போன பிறகு, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"கடைசியா அம்மா பேசுனது ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லீங்களேப்பா."

எனக்கும் அந்த ஏக்கம் உண்டு.

"உங்கம்மா சொல்லாம உட்டது நெறைய இருக்குது, கண்ணு," என்றேன். "எல்லாத்தையும் இப்ப கர்த்தர்கிட்டச் சொல்லீட்டு இருப்பா."

அவளைத் தேற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. நான் அதை நம்புகிறேன். நம்ப முடியாத நாட்களும் வருகின்றன. அப்படிப்பட்ட வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சர்ச்சுக்குப் போய், மற்றவர்கள் ஜெபத்தைச் சொல்வதோடு சேர்ந்து நானும் சொல்லிவிட்டு வருகிறேன்.